தேமல் என்று அழைத்த ஆறு ஆண்டுகள்

என் வலது தொடையில் முதல் வெளுப்பைக் கண்டது 2015 ஆடி மாதம். இளைய மகன் பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி தோலோடு கரைந்திருந்தது. வலி இல்லை, அரிப்பும் எப்போதாவதுதான். அத்தையிடம் காட்டினேன். "தேமல்தான் அம்மா, பூவரசங்காயை உரசித் தடவு" என்றார். பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊரில் கன்னத்தில் தேமல் இல்லாத பிள்ளையைப் பார்ப்பது அரிது. அதனால் நானும் தேமல் என்றே அழைத்தேன். ஆறு ஆண்டுகள் அப்படியே அழைத்தேன்.

அதன் பெயர் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று 2021 அக்டோபரில்தான் தெரிந்தது. இரத்தத்தின் வெள்ளை அணுக்களில் டி அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. நோயை எதிர்த்து நிற்பது அவற்றின் வேலை. அவற்றில் சில தோலில் தங்கி, கட்டுக்கு அடங்காமல் பெருகுவதால் வருகிற லிம்போமா இது. புற்றுநோய் வகைதான். ஆனால் பெரும்பாலும் மிக மெதுவாக நடக்கும். ஆண்டுக்கணக்கில் தோலைத் தாண்டாமலே இருக்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அந்த ஆறு ஆண்டுகள் எங்கே போயின என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். எங்கள் பகுதியில் இன்னொருத்தி இப்போது அதே வழியில் நடந்துகொண்டிருக்கக்கூடும்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரி. பட்டுப்புழு வளர்த்து, தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் விற்பதுதான் பிழைப்பு. ஒவ்வொரு முறை கூடு அறுத்ததும் புழு வளர்ப்பு மனையை பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவ வேண்டும், சுண்ணாம்பு தூவ வேண்டும். அந்த வேலை என்னுடையது. 2016-இல் ஒரு வெளுப்பு மூன்றானபோது, பிளீச்சிங் பவுடர் பட்டதால் வந்தது என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்தோம். அப்படியானால் கைகளில் அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? முழங்கைக்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லை. முகத்தில் இல்லை, கழுத்தில் இல்லை. தொடை, புட்டம், இடுப்பு, மேற்கையின் உட்புறம், மார்பின் பக்கவாட்டு, இவ்வளவுதான். நாள் முழுக்க வெயிலில் தழை வெட்டுகிறவள் நான். வெயில் படுகிற தோல் சுத்தமாக இருந்தது, சேலைக்குள் இருக்கிற தோல் வெளுத்துக்கொண்டே போனது. பின்னாளில் வேலூர் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான். அதுவரை வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மருந்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். படைக்கு, தேமலுக்கு, சேற்றுப் புண்ணுக்கு, எல்லாவற்றுக்கும் அதையே கொடுப்பார்கள். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, அவற்றோடு வீரியமான ஸ்டீராய்டு ஒன்று என்று மூன்று மருந்துகள் கலந்த குழாய் அது. தடவிய பத்தாம் நாள் தோல் தெளிந்ததுபோல் இருந்தது. நிறுத்தினால் மூன்று வாரத்தில் திரும்பியது. இப்படியே இரண்டரை ஆண்டுகள் வாங்கித் தடவினேன். மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த ஸ்டீராய்டு களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. எனக்கு அதன் பிறகும் கேட்டவுடன் கிடைத்தது. தொடைத் தோல் மெலிந்து, கசக்கி விரித்த காகிதம்போல் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தில் களிம்புக்கு ஒரு பங்கு, நோய்க்கே ஒரு பங்கு என்று பின்னர் அறிந்தேன்.

2018 கடைசியில் எனக்குள் வேறு ஒரு பயம் புகுந்தது. தொழுநோயாக இருக்குமோ? வெளுத்த தேமலைக் கண்டால் அந்தச் சந்தேகம் வருவது இயல்பு, வர வேண்டியதும்கூட. வீட்டில் யாரும் என்னை ஒதுக்கவில்லை. நானே என் டம்ளரைத் தனியாக வைத்தேன், பிள்ளைகளை அணைத்துப் படுப்பதை விட்டேன். நான்கு மாதம் அப்படி இருந்துவிட்டு, ஒரு நாள் துணிந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். கண்ணை மூடச் சொல்லி வெளுப்பின் மேல் பஞ்சால் தொட்டார்கள், பேனா முனையால் தொட்டார்கள். தொட்ட ஒவ்வொரு இடத்தையும் விரலால் காட்டினேன். முழங்கையிலும் முழங்காலுக்குப் பக்கத்திலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார்கள். "உணர்ச்சி நன்றாக இருக்கிறது, தொழுநோய் இல்லை" என்றார்கள். மூடிய கண்ணைத் திறந்து அங்கேயே அழுதேன். அவர்கள் செய்த பரிசோதனை சரியானது, சொன்ன முடிவும் சரியானது. தவறு அதற்குப் பிறகு நடந்தது. தொழுநோய் இல்லை என்று கேட்ட நிம்மதியில், அப்படியானால் இது என்ன என்று நான் கேட்கவே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் இதுதான் நடந்தது. பூஞ்சை இல்லை, தொழுநோய் இல்லை, வெண்புள்ளி இல்லை என்று ஒவ்வொன்றாக நீங்கின. இல்லை என்பதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரு உறவினர் சொல்லி, கார்போகரிசியை அரைத்து எண்ணெயில் காய்ச்சித் தடவி, காலை வெயிலில் நின்றேன். மாலைக்குள் தொடை சிவந்தது. மறுநாள் கொப்புளம். இரண்டு வாரம் தழை வெட்டப் போக முடியவில்லை. இதை நம் மருத்துவ முறையைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. கார்போகரிசியில் சோராலென் வகைப் பொருள் இருக்கிறது. அது தோலில் ஏறிய பிறகு வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அணுக்களைத் தாக்கும். அதே குடும்பத்து மருந்தை மாத்திரையாக அளந்து கொடுத்து, புற ஊதா ஏ ஒளியை அளந்து பாய்ச்சுகிற சிகிச்சை என் நோய்க்கே உண்டு என்று வேலூரில் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. அறிந்தவர்கள் காலகாலமாகப் பயன்படுத்திய விதைதான். எவ்வளவு, எத்தனை நிமிடம் என்ற அளவு எனக்குச் சொல்லித்தந்தவரிடம் இல்லை, என்னிடமும் இல்லை.

முதல் பயாப்ஸி 2019-இல் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, பேனா மூடி அளவில் வட்டமான சிறு கத்தியால் 4 மில்லிமீட்டர் தோலை எடுத்து ஒரு தையல் போட்டார்கள். பல் பிடுங்குவதைவிட எளிது. அதற்காகப் பயந்து யாரும் தள்ளிப்போட வேண்டாம். "நாட்பட்ட தோல் அழற்சி. நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டு முடிவு செய்யவும்" என்று அறிக்கை வந்தது. முதல் வரியை மட்டும் படித்து மாத்திரை எழுதினார்கள். இரண்டாவது வரியை யாரும் செய்யவில்லை. பயாப்ஸிக்கு முந்தைய இரவுவரை அந்த ஸ்டீராய்டு களிம்பைத் தடவியிருந்தேன் என்பதை என்னிடம் கேட்கவும் இல்லை. ஸ்டீராய்டு படும் தோலிலிருந்து இந்த டி அணுக்கள் தற்காலிகமாக ஓடிவிடும். எடுத்த துண்டில் நோய் இருந்தும் தெரியாமல் போகும்.

அடுத்து கொரோனா வந்தது. பஸ் இல்லை. கூடு விலை விழுந்தது. ஒன்றரை ஆண்டு என் தோலைப் பற்றி நினைக்க எனக்கே மனம் இல்லை. 2021 ஆவணியில் குளிக்கும்போது இடுப்பில் ஒரு வெளுப்பின் ஓரம் தடித்து, லேசாகச் சிவந்து, தொட்டால் மேடாகத் தெரிந்தது. அன்றிரவு என் கணவரிடம் விளக்கைப் போடச் சொல்லி முழுவதையும் காட்டினேன். ஆறு ஆண்டுகளில் அவர் முழுமையாகப் பார்த்தது அன்றுதான். அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. "இத்தனையா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் வேலூருக்குப் போனோம்.

அங்கே ஒரு பெண் மருத்துவர் என்னை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தார். அதற்கு முன் நான் பார்த்த மருத்துவர்கள் ஐந்து பேர். ஒவ்வொருவரிடமும் சேலையை முழங்காலுக்கு மேல் கொஞ்சம் விலக்கி ஒரே ஒரு வெளுப்பைக் காட்டியிருக்கிறேன், அவர்களும் அதை மட்டும் பார்த்திருக்கிறார்கள். கூச்சம் என்னுடையது, அவசரம் அவர்களுடையது. பெண்கள் இதைப் படித்தால் சொல்கிறேன்: பெண் மருத்துவரைக் கேளுங்கள், செவிலியரை உடன் நிற்கச் சொல்லுங்கள், கணவரையோ அக்காவையோ அழைத்துப் போங்கள், எப்படியாவது முழுத் தோலையும் காட்டுங்கள். எந்த இடத்தில் இருக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்பதிலேயே இந்த நோயின் பாதி அடையாளம் இருக்கிறது.

எல்லாக் களிம்பையும் நான்கு வாரம் நிறுத்தச் சொன்னார். பிறகு தடித்த இடத்தில் ஒன்று, புதிதாக வெளுத்த இடத்தில் ஒன்று என இரண்டு துண்டுகள் எடுத்தார்கள். பழைய பயாப்ஸியின் மெழுகுக் கட்டையையும் வாங்கிவரச் சொன்னார். எடுத்த தோலை மெழுகில் பதித்துப் பரிசோதனைக் கூடத்தில் வைத்திருப்பார்கள். நோயாளி கேட்டால் தருவார்கள் என்பதே எனக்குப் புதிய செய்தி. இந்த முறை தோலின் மேலடுக்குக்குள் டி அணுக்கள் ஏறி வரிசைகட்டி நிற்பது தெரிந்தது. சிறப்புச் சாயங்கள் இட்டுப் பார்த்ததில் பெரும்பாலானவை சிடி 8 வகை. இயல்பான டி அணுக்களில் இருக்கும் சிடி 7 என்ற அடையாளம் அவற்றில் குறைந்திருந்தது. அந்த அணுக்கள் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளா என்று பார்க்கும் மரபணுப் பரிசோதனையும் செய்தார்கள். எல்லாவற்றையும் என் உடம்போடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் பெயரைச் சொன்னார்கள். வெளுப்பாக வருகிற இந்த வகை நம்மைப் போன்ற மாநிறமும் கறுப்புமான தோலில்தான் அதிகம், சிறுவயதினரிடமும் வரும் என்றார் மருத்துவர். வெள்ளைத்தோல்காரர்களுக்குச் சிவந்த திட்டாக வருவதுதான் வழக்கமாம். நமக்கு வெளுத்து வருவதால் தேமல், வெண்புள்ளி, தொழுநோய் என்று மூன்று வாசல்களிலும் நின்றுவிட்டு இங்கே வந்து சேர நாளாகிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அலிபெர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1806-இல் இந்த நோயை முதன்முதலில் விவரித்தார். முற்றிய நிலையில் தோலில் எழுந்த கட்டிகள் காளான்போல் தெரிந்ததால் அப்படிப் பெயர் வந்தது. பூஞ்சைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் என் கோப்பில் அந்தப் பெயரைப் பார்த்த இரண்டு பேர் பூஞ்சை மாத்திரை போதுமே என்று சொன்னார்கள். ஒருவர் மருந்துக் கடைக்காரர். அதனால் கோப்பின் முகப்பில் "தோல் லிம்போமா, பூஞ்சை நோய் அல்ல" என்று தமிழில் எழுதி ஒட்டிவைத்தேன்.

நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணக்கிட மருத்துவர் என் கையையே அளவுகோலாக எடுத்தார். விரல்களோடு சேர்த்த நம் உள்ளங்கை, நம் உடம்புத் தோலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. எனக்குப் பதினான்கு உள்ளங்கை இருந்தது. பத்துக்குக் கீழே இருந்தால் 1ஏ நிலை, பத்தும் அதற்கு மேலும் என்றால் 1பி. அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். இரத்தத்தில் அந்த அணுக்கள் திரிகின்றனவா என்றும் பார்த்தார்கள். இல்லை. 1பி என்று எழுதினார்கள். "கீமோதெரபி வேண்டுமா?" என்று என் கணவர் கேட்டார். இந்த நிலையில் வேண்டாம், தோலுக்கு மட்டும் சிகிச்சை போதும், ஆரம்ப நிலையில் கண்டறிந்தவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் வாழ்கிறார்கள் என்றார். அந்தப் பதிலை அவர் ஊர் வரும்வரை பஸ்ஸில் மூன்று முறை என்னிடம் திருப்பிச் சொன்னார்.

அத்தையிடம் புற்றுநோய் என்ற சொல்லைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். சொன்னேன். மறைத்துவிட்டு, சிகிச்சைக்காக வாரத்துக்கு மூன்று நாள் சேலத்துக்குப் போய்வர முடியாது.

குறுகிய அலைவரிசைப் புற ஊதா பி ஒளிதான் எனக்கான சிகிச்சை. 311 நானோமீட்டர் ஒளி தரும் குழல் விளக்குகள் சுற்றிலும் நிற்கும் ஒரு பெட்டிக்குள் கறுப்புக் கண்ணாடி அணிந்து நிற்க வேண்டும். முதல் நாள் அரை நிமிடம்கூட இல்லை. இதற்காகவா இரண்டரை மணி நேரம் பயணம் என்று இருந்தது. தோல் தாங்குவதைப் பார்த்து ஒவ்வொரு முறையும் சிறிது கூட்டுவார்கள். மறுநாள் தோல் சிவந்து எரிந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், அளவைக் குறைப்பார்கள். சில நாள் போகாமல் விட்டால் மீண்டும் இறங்கிய அளவிலிருந்து தொடங்குவார்கள். போகும் நாளில் தோலில் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் கூடாது. எனக்கு வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குளிக்கும் பழக்கம். அதைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டேன். இன்னொன்று யாரும் சொல்லாமல் நானே கற்றது: கையைத் தூக்காவிட்டால் அக்குளுக்கு ஒளி போகாது, மார்பின் அடிமடிப்புக்குப் போகாது. மற்ற இடமெல்லாம் தெளிந்த பிறகும் அந்த இரண்டு இடங்கள் மட்டும் அப்படியே இருந்ததைக் கண்டுதான் தெரிந்துகொண்டேன். அதன்பின் நிற்கும் விதத்தை மாற்றினேன். அந்த இடங்களுக்கு ஒரு ஸ்டீராய்டு களிம்பும் எழுதினார்கள். மருந்துக் கடைக்காரர் கொடுத்த குழாயில் இருந்த அதே ஸ்டீராய்டுதான். இப்போது எத்தனை வாரம், எவ்வளவு, எங்கே என்று எழுதி, மாதந்தோறும் தோலைப் பார்த்து, நிறுத்தும் நாளையும் சொன்னார்கள்.

செலவில் பெரும்பங்கு பயணத்துக்குப் போனது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பாலக்கோடுவரை காசு இல்லை. சேலம் பஸ் அதில் சேராது. சேலம் போகும் வழியில் இருக்கிற தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் அன்றைய சிகிச்சை போயிற்று. திங்கள், புதன், வெள்ளி விடியற்காலை கிளம்பி மதியத்துக்குள் திரும்புவேன். புழுவுக்குத் திங்கள், புதன் தெரியுமா? கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்தில் புழு தின்கிற வேகத்துக்குத் தழை வெட்டிப் போட இரண்டு பேர் வேண்டும். முதல் இரண்டு மாதம் புழுவே எடுக்காமல் இருந்தோம். பிறகு என் தங்கை தன் ஊரிலிருந்து வந்து ஐந்தாம் பருவ நாட்களில் தங்கினாள். பகல் தழை அவள், இரவுத் தழை நான். நீண்ட சிகிச்சை தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், வீட்டில் உங்கள் வேலையை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பாதியில் நிறுத்தியவர்களை அந்த வரிசையில் பார்த்தேன். ஒளி ஒத்துக்கொள்ளாமல் நின்றவர்கள் குறைவு. வயல், மாடு, கைக்குழந்தை என்று நின்றவர்களே அதிகம்.

பதினோராவது வாரம் தொடையில் வெளுப்புக்குள் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் வந்தன. புதிதாக ஏதோ முளைக்கிறது என்று பயந்து காட்டினேன். மயிர்க்கால்களிலிருந்து நிறம் திரும்புகிறது என்றார்கள். என் மகள் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, அதே சன்னல் ஓரத்தில், அதே நேரத்தில் போனில் படம் எடுத்து வைத்தாள். நாள்தோறும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. மருத்துவருக்கும் அந்தப் படங்கள் உதவின. ஆறு மாதத்தில் ஏறக்குறைய எல்லாம் தெளிந்தது. உடனே நிறுத்தவில்லை. வாரம் இரண்டு, வாரம் ஒன்று என்று குறைத்து மேலும் சில மாதங்கள் கொடுத்தார்கள்.

"குணமாகிவிட்டதா?" என்று ஊரில் கேட்கிறார்கள். அடங்கியிருக்கிறது என்று சொல்கிறேன். இது திரும்பி வரக்கூடிய நோய். 2024 பங்குனியில் இடுப்பில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் திரும்பியது. இந்த முறை ஆறு ஆண்டுகள் ஆகவில்லை. ஒன்பதாம் நாள் மருத்துவர் முன்னால் இருந்தேன். மீண்டும் ஒளி, மீண்டும் தொப்பூர், நான்கு மாதத்தில் அடங்கியது. தோலில் கட்டி எழுந்தாலோ, புண்ணாகி ஆறாமல் நின்றாலோ, உடம்பு முழுக்கச் சிவந்து அரித்தாலோ, நெறி கட்டினாலோ, அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சமையலறை நாட்காட்டியின் பின்பக்கம் எழுதிவைத்திருக்கிறேன், அத்தைக்கும் படிக்கத் தெரியும்படி பெரிய எழுத்தில்.

சென்ற மாதம் அத்தை பக்கத்து வீட்டுப் பையனின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் இருந்தால் கோடை முடிந்து போகும், முதுகிலும் தொடையிலும் இருந்து ஆறு மாதமாகப் போகவில்லை என்றால் தோல் மருத்துவரிடம் காட்டு, அதற்கு முன் கடைக் களிம்பைத் தடவாதே என்று அவன் அம்மாவிடம் சொன்னார். என் அறிக்கைகளை நான் உரக்கப் படித்ததைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். அந்தப் பையனுக்கு வந்தது வேர்க்குரு தழும்புதான் என்று பிறகு தெரிந்தது.

என் அடுத்த பரிசோதனை வருகிற வியாழன். அன்றுதான் சாக்கிப் புழு, அதாவது இளம் பட்டுப்புழு, வருகிறது. இறக்கிப் பரப்பி முதல் தழை போடுவதை என் கணவர் பார்த்துக்கொள்கிறார். நான் நான்கரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.